உடற்கூற்றுக் கலைச்சொற்களில் இலத்தீன் வேரும் ஒட்டும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழாக்குவது பற்றிய விவாதங்களில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படுகிறது. இலத்தீன் கலைச்சொற்கள் தம் பொருளைத் தாமே உணர்த்துவன. ஒவ்வொரு சொல்லின் வேரையும் கண்டறிந்து அதன் பொருளைத் தமிழில் தந்துவிட்டால் நிகரான சொல் கிடைத்துவிடும் என்பதே அக்கருத்து. இதற்கு எதிர்நிலையில் நிற்போர், இலத்தீன் சொற்கள் உலகப் பொதுமை பெற்றவை. எனவே அவற்றை ஒலிபெயர்த்து எழுதினாலே போதும் என்பர். முதல் சாரார் வேரை நம்புகின்றனர். இரண்டாம் சாரார் ஒலியை நம்புகின்றனர். இலத்தீன் சொற்றொகுதிக்கு வலிமை தருவது எது என்பதை இவ்விரு சாராரும் கருத்தில் கொள்ளவில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் இலக்கண மரபு பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுக்கும். காரணத்தால் தோன்றியிருப்பினும் அக்காரணத்தைக் கருதாது ஒரு பொருளுக்கே உரியதாக வழங்கும் பெயரைக் காரண இடுகுறி என நன்னூல் உரைமரபு சுட்டும். இப்பகுப்பே இக்கட்டுரைக்குக் கருவியாகிறது. முன்னொட்டு, பின்னொட்டு, வேற்றுமை ஈறு, பெயரடை ஏற்கும் இயைபு ஈறு ஆகிய நான்கும் இங்கு 'ஒட்டு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இலத்தீன், கிரேக்கச் சொற்கள் நம் மருத்துவக் கல்லூரிகளில் வழங்கும் ஒலிப்பை ஒட்டி எழுதப்பட்டுள்ளன.

2. சொற்றொகுதியின் உருவாக்கம்

இன்று இலத்தீன் எனப் பொதுவாகச் சுட்டப்படும் உடற்கூற்றுச் சொற்றொகுதி ஒரே காலத்தில் உருவானதன்று; ஒரே மொழிக்கு உரியதுமன்று. பண்டைக் கிரேக்க மருத்துவர்களின் சொற்கள், கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் இலத்தீனில் எழுதிய மருத்துவ நூலின் சொற்கள், இரண்டாம் நூற்றாண்டில் காலன் கிரேக்கத்தில் எழுதிய நூல்களின் சொற்கள், அரபு நூல்கள் இடைக்காலத்தில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது பிறந்த சொற்கள், 1543இல் வெசேலியசின் பெருநூல் வெளிவந்த காலத்தை ஒட்டி ஐரோப்பிய அறிஞர்கள் படைத்த சொற்கள் என ஐந்து அடுக்குகளையேனும் அதில் காணலாம்.

இவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததால் ஓருறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடற்கூற்றியலில் வழங்கிய பெயர்கள் ஏறத்தாழ 50,000 எனக் கணக்கிடப்பட்டன. 1895இல் பாசல் நகரில் ஏற்கப்பட்ட பெயர்ப்பட்டியல் அவற்றை ஏறத்தாழ 5,000ஆகக் குறைத்தது. ஆள்பெயரால் அமைந்த பெயர்களை விலக்குதல், ஓருறுப்புக்கு ஒரு பெயர் மட்டும் கொள்ளுதல் ஆகியன அதன் கொள்கைகள். அப்பட்டியல் 1935இல் ஜெனாவிலும் 1955இல் பாரிசிலும் திருத்தப்பட்டது. 1998இலும் 2019இலும் புதிய வடிவில் வெளிவந்தது.

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் செய்தி ஒன்று உண்டு. இலத்தீன் கலைச்சொற்களில் இன்று காணப்படும் ஒழுங்கு அம்மொழியின் இயல்பால் வந்ததன்று. அறிஞர் குழுக்கள் கூடி, பத்தில் ஒன்பது பெயர்களைக் கைவிட்டு, எஞ்சியவற்றை வரையறுத்து வைத்ததால் வந்தது.

3. வேர்ப்பொருளின் எல்லை

3.1 உவமைப் பெயர்கள்

உடற்கூற்றுப் பெயர்களில் பெரும் பகுதி வடிவ ஒப்புமையால் அமைந்தவை. 'மஸ்குலஸ்' என்பதன் வேர்ப்பொருள் சிறு எலி. 'டிபியா' குழலையும் 'ஃபிபுலா' ஆடையைக் கோத்து நிறுத்தும் ஊக்கையும் 'கிளாவிகுலா' சிறு சாவியையும் 'பட்டெல்லா' சிறு தட்டையும் 'பெல்விஸ்' அகன்ற கலத்தையும் 'அசிட்டாபுலம்' காடிக் கிண்ணத்தையும் 'காக்ளியா' நத்தையையும் 'பிளாசென்டா' தட்டையான அப்பத்தையும் குறிக்கும். உரோமானியர் வீட்டில் புழங்கிய பொருள்கள் பலவற்றை இப்பட்டியலில் காணலாம்.

இப்பொருள்களுள் எதுவும் அவ்வுறுப்பு யாது என்பதைக் கூறவில்லை. 'ஃபிபுலா' என்பதற்கு ஊக்கு எனப் பொருள் அறிந்தவர் அது கணைக்காலில் உள்ளது என்பதை அச்சொல்லிலிருந்து அறிய இயலாது. தசையை மஸ்குலஸ் என்னும் மருத்துவர் எவரும் எலியை நினைப்பதில்லை. இவை காரண இடுகுறிகள். காரணம் சொல்லின் வரலாற்றுக்கு உரியது, பயன்பாட்டுக்கு உரியதன்று.

உவமை தமிழில் உயிர்ப்புடன் நிற்கும் இடங்களும் உண்டு. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளான 'மல்லியஸ்', 'இன்கஸ்', 'ஸ்டேபிஸ்' ஆகியவற்றைச் சுத்தி, பட்டடை, அங்கவடி எனத் தமிழ்ப் பாடநூல்கள் பெயர்த்துள்ளன. மூன்றும் தமிழர் அறிந்த பொருள்கள். வடிவ ஒப்புமையும் தெளிவானது. ஆதலின் அப்பெயர்ப்பு நிலைத்தது. இவற்றுள் 'ஸ்டேபிஸ்' பண்டை இலத்தீன் சொல்லன்று என்பதும் கருதத்தக்கது. உரோமானியர் குதிரைச் சேணத்தில் அங்கவடி கிடையாது. அச்சொல் இடைக்கால இலத்தீனுக்கு உரியது. எனவே இலத்தீன் வடிவம் தொன்மைக்குச் சான்றாகாது.

தமிழ் தன் வழியே உவமை கண்ட இடங்களும் உள்ளன. இலத்தீன் சாவியைக் கண்ட இடத்தில் தமிழ் கழுத்தணியாகிய காறையைக் கண்டு காறையெலும்பு என்றது. இலத்தீன் சிறு தட்டைக் கண்ட முழங்காலில் தமிழ் சில்லைக் கண்டது. காறைக்கு மாற்றாகச் 'சாவியெலும்பு' என ஒருவர் ஆக்கினால் அது இலத்தீனுக்கு நெருங்கியதாகலாம், உடற்கூற்றியலுக்கு நெருங்கியதாகாது.

3.2 காரணம் பிழைபட்ட பெயர்கள்

சில பெயர்களில் வேர்ப்பொருள் பயனற்றது மட்டுமன்று, உண்மைக்கு மாறானதும் ஆகும். 'ரெக்டம்' என்பதன் பொருள் நேரானது. விலங்குகளை அறுத்து ஆய்ந்த பண்டையோர் அவற்றின் பெருங்குடல் இறுதியை நேரானதாகக் கண்டனர். மனிதரில் அப்பகுதி வளைந்துள்ளது. தமிழ் 'மலக்குடல்' என்றதன் வாயிலாக இப்பிழையைத் தவிர்த்துக்கொண்டது. 'ஜெஜுனம்' என்பதன் பொருள் வெறுமையானது, உண்ணாதிருப்பது. இறந்தவர் உடலில் அப்பகுதி வெறுமையாகக் காணப்பட்டதால் வந்த பெயர். 'டியோடினம்' பன்னிரண்டு என்னும் எண்ணைக் குறிப்பது. பன்னிரு விரற்கடை நீளம் என்னும் கிரேக்கப் பெயர் இலத்தீனுக்கு வந்து, விரலை இழந்து, எண்ணை மட்டும் காத்துக்கொண்டது. தமிழின் முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்னும் பெயர்வரிசை இம்மூல வரலாற்றைப் பொருட்படுத்தாது இடத்தைக் கொண்டு பெயரிட்டது. இவ்விடத்தில் தமிழ்ச் சொற்களின் காரணமே மெய்யான காரணம்.

'ஆர்ட்டீரியா' என்னும் கிரேக்கச் சொல் முதலில் மூச்சுக்குழலுக்கு வழங்கியது. பின்னர்த் தமனிகளுக்கு விரிந்தது. அவற்றினுள் உயிர்க்காற்று ஓடுகிறது என எரசிஸ்திராத்தஸ் போன்றோர் கருதினர். அவற்றில் இருப்பது குருதியே எனக் காலன் மெய்ப்பித்த பின்னும் பெயர் மாறவில்லை. மூச்சுக்குழலோ 'கரடுமுரடான ஆர்ட்டீரியா' என அடைகொடுத்து வேறுபடுத்தப்பட்டது. காலப்போக்கில் பெயர் உதிர்ந்து அடை மட்டும் எஞ்சியது. இன்றைய 'டிரக்கியா'வின் வேர்ப்பொருள் கரடுமுரடு என்பதே. நாம் வழங்கும் 'தமனி' என்னும் வடசொல்லும் ஊதுதலைக் குறிக்கும் வினையடியிலிருந்து வந்ததே என்பது ஒப்புநோக்கத்தக்கது. இரு மரபுகளிலும் காற்று மறைந்தது, சொல் நின்றது, குருதிக்குழாயைச் சுட்டுவதில் இரண்டுக்கும் குறை நேரவில்லை.

3.3 மொழிபெயர்ப்பில் பிறந்த பெயர்கள்

இலத்தீன் சொற்களுட் சில, மொழிபெயர்ப்பாளர் செயலின் விளைவுகள். மூளையைச் சூழ்ந்த படலங்களைக் கிரேக்கர் தடித்த சவ்வு, மெல்லிய சவ்வு என்றனர். அரபு மருத்துவ நூல்கள் அவற்றை 'உம்ம்', அதாவது தாய், என்னும் சொல்லால் சுட்டின. ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பை உறவுப்பெயரால் கூறுவது அரபு வழக்கு. அல் மஜூசியின் நூலை 1127இல் இலத்தீனுக்குப் பெயர்த்த அந்தியோக்கியா ஸ்டீபன் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'டியூரா மேட்டர்', 'பயா மேட்டர்' என்றார். மெல்லிய என்னும் பொருளுடைய அரபு அடை, பக்தியுள்ள என்னும் இலத்தீன் அடையாயிற்று. வலிய தாய், பக்தியுள்ள தாய் என்னும் பெயர்கள் இன்றுவரை உலகெங்கும் வழங்குகின்றன.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபு இவற்றை வன்றாயி, மென்றாயி எனப் பெயர்த்துள்ளது. கிரேக்கச் சவ்வு அரபில் தாயாகி, இலத்தீன் வழியாகத் தமிழிலும் தாயாயிற்று. ஆயினும் 'பயா' என்பதன் பக்திப் பொருளைத் தமிழர் கொள்ளவில்லை. 'மென்' என்றதால் அரபு மூலத்தின் பொருளே மீண்டது. வேர்ப்பொருளைப் பெயர்க்க முற்பட்டவர்களும் தேவையான இடத்தில் வேரை விட்டு உறுப்பையே நோக்கினர் என்பதற்கு இது சான்று.

'ரெட்டினா'வும் இவ்வாறே. வலை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லை ஒட்டி இலத்தீனில் ஆக்கப்பட்டது அது. தமிழ் வலையை விடுத்து 'விழித்திரை' என்றது. உருவம் விழும் இடம் என்னும் தொழிலை அச்சொல் உணர்த்துவதால் மாணவர், மருத்துவர், பொதுமக்கள் ஆகிய முத்திறத்தாரிடமும் அது வேரூன்றியது.

4. ஒட்டுகளின் ஆட்சி

4.1 ஒரு வேர், நான்கு பொருள்

வேர் இத்துணை உறுதியற்றதாயின் இச்சொற்றொகுதி எதனால் இயங்குகிறது? இதற்கு விடை காண ஒரே வேரிலிருந்து பிறந்த நான்கு அடைமொழிகளை நோக்கலாம். 'மீடியஸ்', 'மீடியாலிஸ்', 'மீடியானஸ்', 'இன்டர்மீடியஸ்' ஆகிய நான்குக்கும் நடு என்பதே வேர்ப்பொருள்.

உடற்கூற்றியலில் இவை நான்கும் வேறானவை. மூன்றில் நடுவணது மீடியஸ். பிட்டத் தசைகளுள் பெரியதற்கும் சிறியதற்கும் இடைப்பட்ட தசை 'குளூட்டியஸ் மீடியஸ்' எனப்படும். உடலின் நடுத்தளத்தை நோக்கியிருப்பது மீடியாலிஸ். கணுக்காலின் உட்புறத் துருத்தம் 'மல்லியோலஸ் மீடியாலிஸ்' ஆகும். நடுக்கோட்டின் மேலேயே அமைவது மீடியானஸ். உடலை வலம் இடம் எனச் சமமாகப் பிரிக்கும் தளம் இவ்வடை பெறும். இரண்டன் இடையே நிற்பது இன்டர்மீடியஸ்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பாதத்தில் ஆப்பு வடிவ எலும்புகள் மூன்று அடுத்தடுத்து உள்ளன. அவை முறையே மீடியாலிஸ், இன்டர்மீடியஸ், லாட்டராலிஸ் என்னும் அடைகளைப் பெறுகின்றன. தொடையின் முன்புறமுள்ள 'வாஸ்டஸ்' தசைகள் மூன்றும் அவ்வாறே. வேரைப் பெயர்ப்பவர் முதலிரண்டையும் 'நடு' என்றே பெயர்க்க நேரும். பெருவிரல் பக்கத்து எலும்பும் அதற்கு அடுத்த எலும்பும் ஒரே பெயர் பெறும். அறுவை மருத்துவருக்கு இப்பெயர்ப்பால் நேரும் இடரை விளக்கத் தேவையில்லை.

எனவே பொருளை வேறுபடுத்துவது வேரன்று. வேரை ஒட்டிய '-ஆலிஸ்', '-ஆனஸ்', 'இன்டர்-' என்னும் ஒட்டுகளும் அவ்வொட்டுகளுக்குப் பட்டியல் வகுத்த வரையறையுமே. பண்டை இலத்தீனில் '-ஆலிஸ்' என்பதும் '-ஆனஸ்' என்பதும் தொடர்புடைய என்னும் பொதுப்பொருளையே தந்தன. நடுத்தளம் நோக்கிய, நடுத்தளத்தில் உள்ள என்னும் பாகுபாடு கலைச்சொல்லியலார் அவற்றின்மேல் ஏற்றியது.

4.2 நோய்ப்பெயர் ஈறுகள்

நோய்ப்பெயர்களில் வரும் ஈறுகள் பெரும்பாலும் கிரேக்கம். உறுப்பின் இயல்நிலையைக் கூறும்போது இலத்தீன் அடியும் நோயைக் கூறும்போது கிரேக்க அடியும் வருவது பொதுவழக்கு. சிறுநீரகத் தமனி 'ரீனல்' என்னும் இலத்தீன் அடியையும் சிறுநீரக அழற்சி 'நெப்ரைட்டிஸ்' என்னும் கிரேக்க அடியையும் கொள்ளும். தமிழ் இரண்டுக்கும் 'சிறுநீரகம்' என்னும் ஒரே அடியைக் கொள்கிறது. இதனால் தமிழுக்கு இழப்பில்லை. மாணவருக்கு ஒரு சுமை குறைகிறது. கலப்பும் விலக்கப்படவில்லை. 1886இல் ரெஜினால்டு ஃபிட்ஸ் ஆக்கிய 'அப்பெண்டிசைட்டிஸ்' இலத்தீன் அடியும் கிரேக்க ஈறும் கலந்தது. தமிழ், வட சொற்களைக் கலந்து கலைச்சொல் ஆக்குவது குற்றம் என்பார் இவ்வெடுத்துக்காட்டைக் கருதுதல் நன்று.

'-இட்டிஸ்' என்பது கிரேக்கத்தில் தொடர்புடைய என்னும் பொருள் தரும் பெண்பால் அடையீறு. நோய் என்னும் பெண்பாற் பெயருடன் இயைந்து 'மூட்டைச் சார்ந்த நோய்' என்றாற்போல வந்தது. பெயர் மறைய அடையே பெயராயிற்று. பின்னர் அழற்சி என்னும் சிறப்புப் பொருள் அதற்கு வரையறுக்கப்பட்டது. தமிழ் 'அழற்சி' என்னும் ஒரு சொல்லை நிலையாகக் கொண்டு மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி என ஒழுங்காக ஆக்கியுள்ளது. ஈறு ஒன்று, நிகரன் ஒன்று என்னும் நெறி இங்கு முழுமையாகக் கைவந்துள்ளது.

'-ஓமா' என்னும் ஈற்றின் நிலை வேறு. 'லிப்போமா' தீங்கற்ற கொழுப்புக்கட்டி. 'லிம்ஃபோமா', 'மெலனோமா' இரண்டும் புற்று. 'ஹீமட்டோமா' குருதித் திரட்சியேயன்றி வளர்கட்டியன்று. 'கிளாக்கோமா' கண்ணழுத்த நோய், கட்டியே அன்று. ஈறு ஒன்றாயினும் பொருள் நான்கு. இதனை எங்கும் 'கட்டி' எனப் பெயர்த்தால் மெலனோமாவின் கடுமை மறையும். எங்கும் 'புற்று' எனப் பெயர்த்தால் லிப்போமா உடையவர் வீணே அஞ்சுவார். அறுவைக்கு முன் நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தைப் பெயர்ப்பவர் இங்கு ஈற்றை நம்பலாகாது; ஒவ்வொரு சொல்லையும் தனியே நோக்க வேண்டும். ஒட்டுகளின் ஒழுங்கு வலிமையானது. ஆனால் எங்கும் முழுமையானதன்று என்பதை இவ்வீறு காட்டுகிறது.

5. தமிழாக்க முயற்சிகள்

5.1 யாழ்ப்பாண முன்னோடிகள்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் முறையாகக் கற்பிக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனும் அவர்தம் மாணவர்களும் மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினர். 1858இல் முதற்பதிப்புக் கண்ட கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளிவந்தது. தமிழில் வழங்கும் சொல், அது இல்லாவிடத்து வடசொல், அதுவும் இல்லாவிடத்து ஒலிபெயர்ப்பு என அடிச்சொல்லைத் தேடுவதற்கு அவர்கள் ஒரு வரிசைமுறை கொண்டிருந்தனர். பாசல் பட்டியலுக்கு முற்பட்ட காலத்தில், மூலமொழியிலேயே பெயர்கள் நிலைபெறாதிருந்தபோது, இப்பணி நடைபெற்றது என்பதை மதிப்பிடுவோர் மறத்தல் கூடாது.

5.2 வேர்வழிப் பெயர்ப்பு

இலங்கை மரபில் 'ரேடியஸ்' ஆரை எனவும் 'காக்சிக்ஸ்' குயிலலகு எனவும் 'சேக்ரம்' திருவென்பு எனவும் பெயர்க்கப்பட்டுள்ளன. ஆரை சக்கரத்தின் ஆரக்கால். மூலத்தின் உவமை அப்படியே நிற்கிறது. குயிலலகு கிரேக்க உவமையை நம் பறவையால் கூறுகிறது. இவை சொல்லழகு உடையவை, சுருக்கமானவை, கற்றவர் நினைவில் நிற்பவை. ஆயின் இவற்றின் வெற்றிக்குக் காரணம் வேர்ப்பொருளைத் தந்தமையன்று. மூலத்தில் அவ்வெலும்பு ஏன் திருவுடையது என்பதற்கே உறுதியான விளக்கம் இல்லை. ஓர் எலும்புக்கு ஒரு சொல் என நிலைபெற்றதாலேயே இவை கலைச்சொற்களாயின. இந்நெறியை எங்கும் பின்பற்றியவர் எவருமிலர் என்பதும் தெளிவு. தசையை எவரும் 'சிற்றெலி' எனவில்லை.

5.3 ஒலிபெயர்ப்பு

ஆள்பெயர், மருந்துப்பெயர், நுண்ணுயிர்ப் பெயர் ஆகியவற்றுக்கு ஒலிபெயர்ப்பே தக்கது. உடற்கூற்றியல் முழுவதற்கும் அதனை விரிப்பதில் எழுத்தமைப்பே தடையாகிறது. இடுப்பெலும்பின் ஒரு பகுதியும் சிறுகுடலின் இறுதிப் பகுதியும் உரோமன் எழுத்தில் ஓரெழுத்தால் வேறுபடும். தமிழ் எழுத்தில் இரண்டும் 'இலியம்' ஆகும். எலும்பும் குடலும் ஒன்றாவதினும் பெரிய மயக்கம் வேறில்லை. 'அஃபரென்ட்', 'எஃபரென்ட்' என்னும் இணையில் 'அட்-', 'எக்ஸ்-' என்னும் முன்னொட்டுகள் அடுத்த மெய்யோடு ஒன்றித் திரிந்ததால் இலத்தீனிலேயே வேறுபாடு ஓர் உயிரொலி அளவினதாகிவிட்டது. தமிழின் 'உட்செல்', 'வெளிச்செல்' என்னும் இணை மூலத்தைக் காட்டிலும் தெளிவானது. அதனைக் கைவிட்டு ஒலிபெயர்ப்பது கையிலுள்ளதை இழப்பதாகும்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இளநிலை மருத்துவ முதலாண்டுக்கான இந்தி நூல்கள் வெளியிடப்பட்டபோது கலைச்சொற்களிற் பல ஆங்கில ஒலியிலேயே தேவநாகரியில் எழுதப்பட்டிருந்தமை பரவலாக விவாதிக்கப்பட்டது. தொடரியல் இந்தியிலும் சொற்கள் ஆங்கிலத்திலும் அமையும்போது ஒட்டுகளின் பொருள் எம்மொழியிலும் மாணவருக்குத் தெளிவாவதில்லை.

5.4 'உள்' என்னும் சொல்லின் சுமை

தமிழாக்கத்தின் மெய்யான குறை ஒட்டுகளை ஒழுங்குபடுத்தாமையில் உள்ளது. 'உள்' என்னும் ஒரு சொல்லை நோக்கலாம். உட்செவி என்பதில் அது ஆழத்தைக் குறிக்கிறது. உட்செல் நரம்பு என்பதில் மையத்தை நோக்கிச் செல்லுதலைக் குறிக்கிறது. உட்சுவாசம் என்பதில் உள்ளே இழுத்தலைக் குறிக்கிறது. கணைக்கால் உள்ளெலும்பு என்பதில் உடலின் நடுத்தளத்தை அடுத்திருத்தலைக் குறிக்கிறது. இலத்தீனில் இவை நான்குக்கும் நான்கு வேறு உறுப்புகள் உள்ளன.

இறுதி எடுத்துக்காட்டு வரலாற்று அடிப்படையிலும் கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில உடற்கூற்று நூல்கள் நடுத்தளத்தை அடுத்ததையும் உள்ளாழத்தில் இருப்பதையும் ஒரே சொல்லாலேயே குறித்தன. பாசல் பட்டியல் முன்னதற்கு மீடியாலிஸ், பின்னதற்கு இன்டர்னஸ் எனப் பிரித்தது. அப்பிரிவைத் தமிழ் இன்னும் முழுமையாகச் செய்துகொள்ளவில்லை. 'மேல்' என்பதன் நிலையும் இதுவே. மேற்பெருஞ்சிரை என்பதில் அது தலைப்பக்கத்தையும் மேல்தோல் என்பதில் புறப்பரப்பையும் குறிக்கிறது.

இக்குறையைத் தீர்க்கத் தமிழில் சொல்வளம் இல்லாமலில்லை. அகம், உள், ஊடு, இடை, நடு, ஆழ், அண், புறம் எனப் பல உள்ளன. சிறுநீரகத்தை அடுத்த சுரப்பியை 'அண்ணீரகம்' என ஆக்கியோர் 'அட்-' என்னும் முன்னொட்டுக்கு 'அண்' என நிகர் கண்டனர். செல்லிடை, செல்லக என்னும் இணை 'இன்டர்-', 'இன்ட்ரா-' என்பவற்றின் வேறுபாட்டை மயக்கமின்றித் தருகிறது. இவை தனித்தனி ஆக்கங்களாக நின்றுவிட்டன, நெறியாக விரிக்கப்படவில்லை.

6. தொகையும் விரியும்

இலத்தீன் பெயர்கள் பெரும்பாலும் சொற்றொடர்கள். அவற்றில் வேற்றுமை ஈறும் இயைபு ஈறும் எந்த அடை எந்தப் பெயரைத் தழுவுகிறது என்பதை உறுதிப்படுத்துகின்றன. 'ஃபிளெக்சர் டிஜிட்டோரம் புரொஃபண்டஸ்' என்பதில் விரல் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் உள்ளது. ஆழ்ந்த என்னும் அடை எழுவாய் வடிவில் மடக்கியைத் தழுவுகிறது. ஆழ்ந்திருப்பது மடக்கி, விரல்களன்று. 'எக்ஸ்டென்சர் டிஜிட்டை மினிமை' என்பதில் விரல் ஒருமை. மிகச்சிறிய என்னும் அடை அவ்விரலின் வேற்றுமையையே ஏற்று அதனைத் தழுவுகிறது.

தமிழில் அடைக்கு இயைபு ஈறு இல்லை. தொகையாக்கினால் உருபும் பன்மையும் மறையும். 'சிறு இரைப்பை வளைவு' என்பது சிறிய இரைப்பையின் வளைவா, இரைப்பையின் சிறிய வளைவா? தொகைச்சொல் விரியும்போது இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட்டு மயங்கக்கூடும் என நன்னூல் கூறியது கலைச்சொல்லாக்கத்துக்கும் பொருந்தும். இலத்தீன் ஈற்றால் காட்டியதைத் தமிழ் உருபாலும் சொல்வரிசையாலும் காட்டல் வேண்டும். 'இரைப்பையின் சிறுவளைவு', 'விரல்களின் ஆழ்மடக்கி', 'சுண்டுவிரல் நீட்டி' என்பன மயக்கமற்றவை. சுருக்கம் கருதி உருபை நீக்குவது பல இடங்களில் பொருளையே நீக்குவதாக முடிகிறது.

நீண்ட பெயர்களிலும் தமிழ் தளர்வதில்லை. 'லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலேக்வே நேசை' என்னும் ஐந்து சொற்பெயரை 'மேலுதட்டையும் மூக்குச்சிறகையும் உயர்த்தும் தசை' எனப் பெயரெச்சத்தால் இயல்பாகக் கூறலாம். வினைமுதலைக் குறிக்கும் இலத்தீன் ஈற்றுக்கு மடக்கி, நீட்டி, உயர்த்தி என்னும் இகர ஈறு நிகராகிறது.

சிறுமைப்பொருள் ஈறுகளில் மட்டும் கவனம் தேவை. 'ஆர்ட்டீரியோலா' என்பதில் அவ்வீறு உயிருடையது; அதனை நுண்தமனி, புன்னாடி எனப் பெயர்த்தல் தகும். மஸ்குலஸ், கிளாவிகுலா ஆகியவற்றில் அது உறைந்துவிட்டது, பெயர்க்க வேண்டுவதில்லை. ஃபிபுலா, 'ஸ்கேப்புலா' என்பன அவ்வீற்றை ஒத்து முடியினும் சிறுமைப் பொருளுடையன அல்ல.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

(அ) உடற்கூற்று அடிச்சொற்களைக் காரண இடுகுறிகளாகக் கொள்ளல் வேண்டும். வழக்கில் உள்ள தமிழ்ப்பெயர் எதுவாயினும், அது ஓருறுப்பையே சுட்டுமாயின், மூலத்தின் வேர்ப்பொருளோடு ஒவ்வாமை அதற்குக் குறையன்று.

(ஆ) இடம், திசை, ஆழம், அளவு, தொழில் ஆகியவற்றைக் காட்டும் ஒட்டுகளுக்கு ஒன்றுக்கொன்றாக நிகரன்களை வரையறுக்க வேண்டும். நடுத்தளம் நோக்கியதற்கு 'நடுப்புற', ஆழத்தில் இருப்பதற்கு 'அக', இடைப்பட்டதற்கு 'இடை', மூன்றில் நடுவணதற்கு 'நடுவண்' எனக் கொள்வது ஒரு தொடக்கமாகலாம். இவற்றினும் தக்கவை இருப்பின் அவற்றைக் கொள்ளலாம். ஒருமுறை கொண்ட நிகரனை இடத்துக்கு இடம் மாற்றலாகாது.

(இ) '-ஓமா' போலப் பொருள் நிலைபெறாத ஈறுகளை ஈறாகப் பெயர்க்காது சொல்லாகப் பெயர்த்தல் வேண்டும்.

(ஈ) இரு பெயர்களுக்கு மேற்பட்ட தொடர்களில் உருபு விரிந்தே நிற்றல் வேண்டும்.

இதுகாறும் வெளிவந்த கலைச்சொல் பட்டியல்களிற் பல அகரவரிசையில் அடிச்சொற்களுக்கு நிகர் தந்தவை. அவற்றின் உழைப்பு மதிப்பிற்குரியது. ஆயின் தமிழகச் சொற்களையும் இலங்கைச் சொற்களையும் அருகருகே வைத்து ஒட்டுகளை மட்டும் தொகுத்து வரையறுக்கும் பட்டியல் ஒன்று உடனடித் தேவை. தமிழகத்தின் தமனியும் சிரையும் இலங்கையின் நாடியும் நாளமும் வேறுபட்டே வழங்கினும் கேடில்லை. இரு நாட்டு மாணவரும் அவற்றை எளிதில் கற்றுக்கொள்வர். ஒரே பாதத்தின் இரண்டு எலும்புகள் ஒரு பெயர் பெறுவது அத்தகையதன்று. ஓரிரு நூறு உறுப்புகளையே கொண்டதாயினும், அவ்வொட்டுப்பட்டியல் பல்லாயிரம் சொற்களை ஒழுங்குபடுத்த உதவும். பாசல் அறிஞர்கள் 1895இல் செய்ததும் பெயர்களைப் பெருக்குதலன்று, வரையறுத்தலே.